கை என்ன செய்யுது?

ஒன்பதாம் வகுப்பில் தமிழ்த் தினப் போட்டிக்கு நான் எழுதிய நாடக எழுத்துருவில் ஒரு கமக்காரர் வரம்பில் நின்று மண்ணின் பெருமையை ஒன்றரைப் பக்கத்துக்குப் பேசுவார். எங்களுக்கு நாடகம் பழக்கிய ஆசிரியர் அதைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். முடிந்ததும், "சரி, இவ்வளவும் கதைக்கேக்க இந்த மனுசன்ரை கை என்ன செய்யுது?" என்று கேட்டார். பிறகு சிவப்புப் பேனையை எடுத்து, நாலு வரியை விட்டு மிச்சத்தையெல்லாம் வெட்டினார். மேடையில் கமக்காரர் மண்வெட்டிப் பிடியைச் சீவிக்கொண்டே அந்த நாலு வரியையும் சொன்னார். சனம் கேட்டது.

அந்த ஆசிரியர், யாழ்ப்பாணத்து நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் 1978 இல் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரியின் களப்பயிற்சிகளில் பழகி வந்தவர். 1985 இல் சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனியர்' க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் கிராமம் கிராமமாகப் போனபோது எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். நான் மேடையைப் பார்த்ததைவிடச் சனத்தைப் பார்த்ததுதான் கூட. உரைஞர், அதாவது கதையை எடுத்துச் சொல்லும் குழுவினர், பாடும்போது பக்கத்தில் இருந்த ஆச்சி ஒருவர் வாய்க்குள் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆச்சிக்கு இடம் விட்டு எழுத வேண்டும் என்று அன்றைக்குப் பட்டது.

ரொறன்ரோவில் மனவெளி கலையாற்றுக் குழுவின் அரங்காடல் போன்ற பெரிய மேடைகள் உண்டு. கனடாவுக்கு வந்தபின் நான் எழுதியது ஸ்காபரோவின் முதியோர் சங்கங்களுக்கும் பெண்கள் குழுக்களுக்கும். ஒத்திகை பெரும்பாலும் யாரோ வீட்டு நிலக்கீழ் அறையில். இரவு வேலைக்கு ஓட வேண்டிய ஒரு நடிகருக்காக, அவருடைய பாத்திரத்தை இரண்டாம் காட்சியிலேயே ஊருக்கு அனுப்பியதும் உண்டு. விமர்சகர் ஒருவர் அதைக் குறியீடு என்று மெச்சினார். நானும் மறுக்கவில்லை.

அது சோறு போடாது. வேலைத்தலப் பயிற்சிகளுக்குப் பாடம் வடிவமைக்கும் தொழிலுக்கு வந்தேன். நாடகத்தை விட்டாச்சோ என்று நண்பர்கள் துக்கம் விசாரித்தார்கள். ஆனால் பிரேசில் நாடகக்காரர் அகுஸ்தோ போவாலுக்கு, பார்க்கிறவரே மேடையேறி நடித்துக் காட்டும் விவாத அரங்கு பிடிபட்டதே 1973 இல், பெருவில் அரசு நடத்திய எழுத்தறிவுத் திட்டத்தில் வேலை செய்தபோதுதான். தன் யோசனையை நடிகர்கள் ஒழுங்காகச் செய்யவில்லை என்று எரிச்சலடைந்த பெண்ணொருவர் தானே மேடையேறியதாகப் போவால் சொல்வார். அங்கே வளர்ந்தோர் கல்வியும் நாடகமும் ஒரே கூரையின் கீழ்தான் இருந்தன. நான் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை.

ஒன்ராறியோவில் 2014 ஜூலை 1 முதல் எல்லாத் தொழிலாளருக்கும் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம். ஆபத்தை அறிய, பாதுகாப்பு விடயங்களில் பங்கேற்க, ஆபத்தான வேலையை மறுக்க என்று சட்டம் மூன்று உரிமைகளைத் தருகிறது. இதை ஸ்லைடில் காட்டினால் எங்கள் சனம் எல்லாக் கேள்விக்கும் சரியான விடை போட்டுவிட்டு, அடுத்த நாள் காவல் மூடி கழற்றிய இயந்திரத்துக்குள் கையை விடும். உரிமை தெரியும். "அண்ணை, அஞ்சு நிமிச வேலைதானே" என்று மேற்பார்வையாளர் தோளில் கை போட்டால் என்ன சொல்வது என்பதுதான் தெரியாது.

ஸ்லைடுகளில் முக்கால்வாசியை வெட்டினேன். அந்த "அஞ்சு நிமிசம்" ஒரு சிறு காட்சியாயிற்று. தொழிலாளி பணிந்து போகிற இடத்தில் யாரும் "நிப்பாட்டு" என்று சொல்லிவிட்டு அவருடைய இடத்துக்கு வரலாம். முதலில் வந்தவர்கள் சட்டம் பேசினார்கள். மேற்பார்வையாளராக நடித்த பொடியன் எல்லாரையும் இலகுவாக மடக்கிவிட்டான். அதுவரை வாயே திறக்காத ஓர் அக்கா எழும்பி வந்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "தம்பி, நீர் மூடியைப் போடும், நான் செய்யிறன். அதுவரைக்கும் இதிலை நிக்கிறன்" என்றார். பொடியனிடம் பதில் இல்லை. மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு, விசாரணை முடியும்வரை வேலையிடத்துக்குக் கிட்டப் பாதுகாப்பாக நிற்க வேண்டும் என்பதுதான் சட்டமும். அக்கா அந்தப் பிரிவை வாசித்ததே இல்லை.

ஒரு நிறுவனம் இதை விளையாட்டு என்று சொல்லிப் பாடத்திலிருந்து எடுக்கச் சொன்னது. புள்ளி போட முடியாதாம். 'தொழிலாளி தன் சொந்த வார்த்தையில் மறுத்துக் காட்டுவார்' என்று அதைக் கற்றல் விளைவாக எழுதிக் கொடுத்தேன்; காட்சி தப்பியது. ஒன்பதாம் வகுப்பில் கேட்ட கேள்வியைத்தான் இன்றும் பாடம் எழுதும் இளையவர்களிடம் கேட்கிறேன். ஸ்லைடு ஓடும்போது படிக்கிறவரின் கை சும்மா இருந்தால், அந்த ஸ்லைடு போகட்டும்.

எங்கள் சங்கத்தின் ஆண்டு விழாவில் பிள்ளைகள் நடிக்க ஒரு நாடகம் எழுதித் தரும்படி செயலாளர் கேட்டிருக்கிறார். சம்மதம். ஒரு நிபந்தனை: பெற்றோரும் ஒத்திகைக்கு வர வேண்டும். தேநீர் ஊத்த இல்லை, நடிக்க. இரவு வேலைக்காரர் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டாம் காட்சியில் ஊருக்கு அனுப்பிவிடலாம்.