வெஜ் மெஸ்ஸில் மட்டன் சரியில்லையாம்: 31 ஒற்றை ஸ்டாரோடு நான்கு மாதம்

அம்மா நடத்தும் மெஸ்ஸுக்கு வரைபடச் செயலியில் 4.6 இருந்தது. 140 பேர் போட்ட ஸ்டார், ஆறு வருடத்தில் ஒன்றிரண்டாகச் சேர்ந்தது. 2024 ஆகஸ்டில் ஒரு ஞாயிறு சாயங்காலம் சரியத் தொடங்கி, திங்கள் காலை முதல் ஈடு இட்லி இறக்குவதற்குள் 3.9-க்கு வந்துவிட்டது. ஒரே ராத்திரியில் 31 ஒற்றை ஸ்டார்.

காரணம் சின்னது. அந்த வெள்ளிக்கிழமை ஒரு பையன் எட்டுப் பேரோடு வந்தான். சாப்பிட்டான், வீடியோ எடுத்தான், கை கழுவிவிட்டுக் கிளம்பினான். அம்மா "தம்பி, எண்ணூறு ரூவா" என்றார். "நான் யாருன்னு தெரியுமாக்கா?" என்று கேட்டிருக்கிறான். அம்மாவுக்குத் தெரியவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டுப் போய், 'சாப்பிட வந்தவங்களை அசிங்கப்படுத்தும் மெஸ்' என்று நாற்பது விநாடி வீடியோ போட்டான். மீதியை அவனைப் பின்தொடர்பவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

இதிலிருந்து வெளியே வர எனக்கு நான்கு மாதம் பிடித்தது. அதில் பாதி நானே செய்த முட்டாள்தனத்தைச் சரிசெய்யப் போனது, அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதல் ராத்திரியே உட்கார்ந்து, அவன் வீடியோவின் கீழே கருத்துப் போட்டவர்களுக்கு ஒவ்வொருவராகப் பதில் எழுதினேன். 'உங்க ஊரே வேற, எங்க மெஸ்ஸுக்கு எப்படா வந்தே?' என்கிற தொனியில். பதினொரு பதில் போட்டதும் அவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்தப் பையன் இரண்டாவது வீடியோ போட்டான். இதைப் படிக்கும் யாருக்காவது இப்படி நடந்தால், முதல் இரண்டு நாள் பதில் எழுதும் பக்கமே போகாதீர்கள். ட்ரோலுக்கு வேண்டியது அடுத்த வீடியோவுக்கான சரக்கு. அதை நான் இலையில் வைத்துப் பரிமாறினேன்.

அடுத்தது பாயசம். ஒரு ஒற்றை ஸ்டார் விழுந்தால் 4.6-லேயே நிற்க ஒன்பது ஐந்து ஸ்டார் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், அவ்வளவுதான் வரும். 31-க்கு 279. வாடிக்கையாளர்களிடம் கேட்டால் போடாமலா இருப்பார்கள் என்று, 'ரிவ்யூ போட்டுக் காட்டினால் பாயசம் இலவசம்' என்று கல்லாவில் அட்டை வைத்தேன். மூன்று நாளில் 14 வந்தது, எல்லாரும் உண்மையாகவே சாப்பிட்டவர்கள். ஒரு வாரத்தில் 14-ம் காணோம். காரணம் சொல்லி ஒரு வரி வரவில்லை. விதிமுறையைப் பிறகுதான் படித்தேன்: பொருளோ பணமோ தள்ளுபடியோ கொடுத்து ரிவ்யூ வாங்கினால் அதுவும் போலிதான். மட்டனைக் குறை சொன்னவன் நின்றான், பாயசம் குடித்த பள்ளிக்கூட வாத்தியார் போய்விட்டார்.

சரி, முறைப்படி புகார் செய்வோம் என்று இறங்கியபோது அடுத்த இடி. அந்தப் பக்கமே எங்கள் கையில் இல்லை. 2018-இல் போர்டு அடித்துக் கொடுத்த கடைப் பையன் 'சும்மா சேர்த்துவிட்டுடறேன் அண்ணா' என்று அவனுடைய மெயிலில் போட்டுவைத்திருக்கிறான். அவன் இப்போது கல்ஃபில். அந்த மெயிலின் பாஸ்வேர்டு அவனுக்கே நினைவில்லை. (அவன் மேல் கோபமில்லை, அன்றைக்குக் காசு வாங்காமல் செய்துகொடுத்தவன்.) உரிமை கேட்டு விண்ணப்பித்தால், கடை உங்களுடையதுதான் என்று காட்டச் சொன்னார்கள்.

எங்கள் காகிதங்களின் லட்சணம் இது. வெளியே போர்டில் ஒரு பெயர். உணவுப் பாதுகாப்புப் பதிவில் 'டிபன் சென்டர்' என்று வேறு பெயர், அதுவும் அப்பா பெயரில். அப்பா 2021-இல் தவறிவிட்டார். கரண்ட் பில் கட்டட உரிமையாளர் பெயரில். ஜி.எஸ்.டி. கிடையாது. மூன்றையும் ஸ்கேன் செய்து அனுப்பினேன். 'விவரங்கள் பொருந்தவில்லை' என்று ஒரே வரியில் திரும்பி வந்தது.

மாற்றலாம் என்று போனால், உரிமையாளர் இறந்த 90 நாளுக்குள் வாரிசு தெரிவித்திருக்க வேண்டுமாம். நாங்கள் மூன்று வருடம் தாண்டியிருந்தோம். கடைசியில் அம்மா பெயரிலேயே, போர்டில் இருக்கும் பெயரை எழுத்துப் பிசகாமல் போட்டு, புதுப் பதிவு எடுத்தேன். அப்போது சின்னக் கடைக்கு ஆண்டுக்கு நூறு ரூபாய்தான். நூறு ரூபாய்க் காகிதத்தை எடுக்காமல் விட்டதால் மூன்று வாரம் போயிற்று. கடை வைத்திருப்பவர்கள் இன்றைக்கே ஒருமுறை போர்டையும் பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

அதன் பிறகு வீடியோ கேட்டார்கள். தெரு, போர்டு, பூட்டைத் திறப்பது, கல்லா, பதிவுச் சான்று எல்லாம் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். முதல் தடவை பூட்டைத் திறக்கும் நேரத்தில் பால்காரர் குறுக்கே வந்து அம்மாவிடம் பாக்கி கேட்டார். இரண்டாவது தடவை எடுத்தது ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இப்போதுதான் புகார் அளிக்கும் கட்டம். கடைக்காரரால் எந்த ரிவ்யூவையும் அழிக்க முடியாது, விதிமீறல் என்று கொடி காட்டத்தான் முடியும். கொடியை நிராகரித்தால் ஒரு ரிவ்யூவுக்கு ஒரே ஒரு மேல்முறையீடு, ஒரு தடவைக்குப் பத்து ரிவ்யூ வரை சேர்க்கலாம். நான் ஆத்திரத்தில் முதல் பத்தையும் சேர்த்துக் கட்டி, 'இவை எல்லாம் போலி, உடனே நீக்கவும்' என்று எழுதி அனுப்பினேன். பத்தும் தள்ளுபடி. மறுபடி கேட்க வழியில்லை.

அன்றைக்கு ராத்திரி மீதியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். தள்ளுபடியான பத்தையும் வாசித்தேன். 'சாம்பாரில் உப்பு தாங்க முடியலை, பொரியலும் அதே' என்று ஒன்று வந்ததும் அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "அது நெசந்தான் கண்ணு. ஞாயித்துக்கிழமை புதுப் பையன் ரெண்டு தடவை உப்புப் போட்டுட்டான். நானே அவருகிட்ட மன்னிப்புக் கேட்டேன்." நிஜமாக வந்து சாப்பிட்டுக் காசு கொடுத்த ஒரு மனிதரையும் நான் போலிக் கூட்டத்தில் சேர்த்துப் புகார் கொடுத்திருக்கிறேன். பத்தும் தள்ளுபடியானதில் பாதி நியாயம் என்று அப்போதுதான் பட்டது.

மீதி 21-ஐ உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். அப்போதுதான் தெரிந்தது, இவர்கள் போலி என்பதற்கான ஆதாரத்தை இவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 'ராத்திரி பதினொரு மணிக்குப் போனோம், மரியாதை இல்லை' என்று ஒருவர். எங்கள் கடை மதியம் மூன்றரைக்குச் சாத்துகிறது. 'ஏசி வேலை செய்யவில்லை.' ஏசியே கிடையாது, இரண்டு ஃபேன்தான், அதில் ஒன்று சத்தம் போடும். 'சிக்கன் பழசு.' கடை சைவம். பதினாறு கணக்குகளுக்கு அதுதான் வாழ்நாளில் முதல் ரிவ்யூ. நான்கு பேர் எழுத்துப்பிழை உட்பட ஒரே வாக்கியத்தை ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு வரி: என்ன எழுதியிருக்கிறது, ஏன் அது நடந்திருக்க முடியாது. கடை நேரப் பலகை, மெனு போர்டு, இரண்டின் போட்டோவும் இணைத்தேன். திட்டவில்லை, புலம்பவில்லை. 21-இல் 17 நீங்கியது. ரேட்டிங் 4.3.

நடுவில் ஒரு நாள் காவல் நிலையத்துக்கும் போனேன். சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்து பார்த்தேன், அது முதன்மையாகப் பணமோசடிக்கான எண். நேரில் போவோம் என்று, சட்டம் படித்த நண்பன் அடித்துத் தந்த மனுவோடு கிளம்பினேன். அரை நாள் லீவு, இரண்டு பஸ். மனுவில் 'தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 66ஏ' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஏட்டய்யா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "தம்பி, இதைச் சுப்ரீம் கோர்ட்டு 2015-லயே தூக்கிருச்சு" என்றார். கேஸ் போட்டுத்தான் ஆகவேண்டும் என்று நான் நின்றபோது அவரே பொறுமையாகச் சொன்னார்: அவதூறு என்றால் அந்த ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கும் புதுச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 356, ஆனால் அதில் போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, நீங்கள்தான் மாஜிஸ்டிரேட் கோர்ட்டில் தனிப் புகார் கொடுக்க வேண்டும். 31 முகம் தெரியாத ஐடிகள் மேல் எந்தக் கோர்ட்டுக்குப் போவது? ராத்திரியில் அம்மாவுக்கு மிரட்டல் போன் வந்ததை மட்டும் தனி மனுவாக எழுதச் சொல்லி, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீதான சி.எஸ்.ஆர். காப்பி கொடுத்தார். போன் அதோடு நின்றது.

மிச்சம் இருந்தது 14. உப்பு ரிவ்யூவை விட்டுவிட்டால் 13. இங்கேதான் பலருக்குத் தெரியாத வழி ஒன்று இருக்கிறது. 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இப்படிப்பட்ட செயலி நடத்துகிறவர்கள் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். நான் போன சமயத்தில் விதி இதுதான்: புகாரை 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அந்த முடிவு பிடிக்காவிட்டால், 2022 அக்டோபர் திருத்தத்தின்படி மத்திய அரசு அமைத்த குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். ஜி.ஏ.சி. என்பார்கள். எல்லாம் இணையத்திலேயே, டெல்லிக்குப் போக வேண்டாம்.

நான் நேரே ஜி.ஏ.சி.-க்குப் போனேன். அங்கே குறைதீர் அலுவலரிடம் கொடுத்த புகாரின் எண்ணைக் கேட்டது. செயலியில் கொடி காட்டியதும், அங்கேயே மேல்முறையீடு செய்ததும் இதில் சேராது! குறைதீர் அலுவலரின் முகவரியை அவர்கள் தளத்தின் அடியாழத்தில், நான்கு பக்கம் தாண்டித் தேடிப் பிடித்து, 13 ரிவ்யூவையும் அட்டவணையாக்கி அனுப்பினேன். பெற்றுக்கொண்டதாக அன்றே தானியங்கி மெயில் வந்தது. பிறகு சத்தமில்லை.

15 நாள் ஆயிற்று, 20 ஆயிற்று, ஒரு மாதமும் தாண்டியது. கோபத்தில் இரண்டாவது புகார் எழுத உட்கார்ந்தபோது ஏதோ தோன்றி ஸ்பேம் பெட்டியைத் திறந்தேன். பதிமூன்றாம் நாளே 'விதிமீறல் காணப்படவில்லை' என்று பதில் வந்து, அங்கே 24 நாளாகப் படுத்திருந்தது. மேல்முறையீட்டுக்குக் கெடு பதில் கிடைத்ததிலிருந்து 30 நாள். ஆறு நாள்தான் பாக்கி. அன்று ராத்திரியே பதிவேற்றிவிட்டுத்தான் படுத்தேன். இணைப்பாக அதே அட்டவணை, அதே போட்டோக்கள், கூடவே அந்த சி.எஸ்.ஆர். காப்பி. நான்கு வாரத்தில் 13-இல் 9 நீங்கியது.

பகலில் நான் புரோகிராம் எழுதுகிறவன். புரோகிராமர்கள் கேள்வி கேட்டுப் பதில் சொல்லிக்கொள்ளும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் பல வருடமாகப் பழக்கம். அங்கே புதிதாக வந்தவன் ஒரு புள்ளியோடு தொடங்குகிறான். பிறர் எழுதியதன் கீழே கருத்துச் சொல்ல அப்போது 50 புள்ளி வேண்டியிருந்தது, சரியில்லை என்று கீழ்வாக்குப் போட 125. ஒருவருடைய பதிலுக்குக் கீழ்வாக்குப் போட்டால் நம்முடைய புள்ளியிலும் ஒன்று குறையும். புதியவர்களை விரட்டுகிறார்கள் என்று நானே அந்த ஏற்பாட்டைத் திட்டியிருக்கிறேன். அந்த 21 ரிவ்யூவை உட்கார்ந்து படித்த ராத்திரியில்தான் அது எதற்கு என்று புரிந்தது. அங்கே ஒருவனைக் கீழே இழுக்க நம் கையிலிருந்தும் கொஞ்சம் போகிறது. இங்கே நேற்று ராத்திரி கணக்குத் திறந்தவனின் ஒற்றை ஸ்டாரும், ஆறு வருடமாக வாரம் மூன்று நாள் சாப்பிடுகிற வாத்தியாரின் ஐந்து ஸ்டாரும் சராசரியில் ஒரே எடை. நம் நாட்டில் இணைய ரிவ்யூக்களுக்கென்றே 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்று ஒரு தரநிலை வந்தது. எழுதுகிறவர் யார் என்று சரிபார்க்கச் சொல்கிறது. அது கட்டாயமாக வரவில்லை, விரும்பினால் பின்பற்றலாம் என்றுதான் வந்தது.

கணக்கு இதுதான்: 31-இல் 26 போயிற்று, 5 நிற்கிறது, ரேட்டிங் 4.5. உப்பு ரிவ்யூவுக்கு அம்மா சொல்லச் சொல்ல நான் பதில் அடித்தேன்: 'தப்பு எங்களுடையதுதான் சார், மறுபடி வாங்க.' வீடியோவின் கீழே நான் போட்டிருந்த பதினொரு பதில்களையும் அழித்தேன்.

'மட்டன் சுக்கா வேகவே இல்லை' மட்டும் என்ன செய்தும் போகவில்லை. முதல் பத்தில் மாட்டியது அது. கல்லாவுக்குப் பின்னால் யாரோ அதை பிரிண்ட் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள், வாத்தியார் வேலையாகத்தான் இருக்கும். மதியம் இலை போட்டதும் தினமும் யாராவது ஒருவர் கேட்கிறார்: "அக்கா, இன்னிக்காவது மட்டன் வெந்துச்சா?"