'த' வரிசையில் கிடைக்காத 'தமிழன்'

தலித் சிந்தனையாளர் அயோத்திதாசர், தாம் நடத்திய 'தமிழன்' வார இதழில் சுதேசி இயக்கத்தின் மீது வைத்த விமர்சனத்தைப் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் இயலைப் படித்துவிட்டு, ஆய்வுக்குழுவில் ஒருவர் கேட்டார்: "மூல இதழைப் பார்த்தீர்களா, தொகுப்பை மட்டும்தான் பார்த்தீர்களா?" நான் தொகுப்பை மட்டுமே பார்த்திருந்தேன். 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வராதிருந்தால் எங்களில் பலர் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டோம் என்பது உண்மை. எனினும் கட்டுரைகள் அதில் பொருள்வாரியாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், ஒரே வாரத்து இதழில் எந்தச் செய்திக்கு அருகே எந்த வாதம் வந்தது என்பதை அதிலிருந்து அறிய முடியாது.

மூல இதழைத் தேடி மதுரையிலிருந்து இரவு ரயிலில் சென்னையில் உள்ள ஒரு நூலகத்துக்குச் சென்ற முதல் பயணம், நெறியாளரின் கடிதத்தில் துறை முத்திரை இல்லை என்ற ஒரே காரணத்தால் பத்தே நிமிடத்தில் முடிந்தது. இரண்டாம் முறை முத்திரையோடு போனேன். பட்டியலில் 'தமிழன்' என்றிருந்த மைக்ரோபிலிம் சுருளைக் கேட்டு, பழுதான கருவிக்கு மாற்று கிடைக்கும் வரை பிற்பகல் முழுவதும் காத்திருந்து பார்த்தால், அது 1926இல் கோலார் தங்கவயலிலிருந்து மீண்டும் தொடங்கப்பட்ட 'தமிழன்'. அயோத்திதாசரோ 1914இலேயே மறைந்துவிட்டார். "நீங்கள் கேட்ட பெயர் இதுதானே?" என்றார் அலுவலர். அவர் சொன்னதில் பிழையில்லை, அதுதான் எரிச்சல்.

ஊர் திரும்பும் வழியில்தான் உறைத்தது. 1907 ஜூன் 19 அன்று சென்னையில் வெளிவரத் தொடங்கியபோது இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. 'ஒரு பைசா' உதிர்ந்தது அடுத்த ஆண்டில்தான். மூன்றாம் முறை நேராக 'ஒ' வரிசையைப் புரட்டினேன். இருந்தது, பெயர் மாறிய பிந்தைய ஆண்டுகளும் அதே பதிவின் கீழ்! இதழ்களைத் தேடுவோர் முதல் பெயர், மாறிய பெயர், வெளியான ஊர் மூன்றையும் தனித்தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது. பென்சிலும் இரண்டு வேண்டும். பேனாவை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

நகல் எடுக்க அனுமதி கிடைக்காததால் நான்கு நாள் கையால் எழுதினேன். புறப்படும் முன், 'த' வரிசையில் "'ஒ' வரிசையையும் காண்க" என்று ஒரு சீட்டுச் செருகி வைக்க முடியுமா என்று கேட்டேன். எழுத்து மூலம் விண்ணப்பிக்கச் சொன்னார்கள். விண்ணப்பித்திருக்கிறேன், இம்முறை துறை முத்திரையோடு.