கட்டில் ஆறடி, போர்வை ஒன்பதடி

குயில்ட் என்பது துண்டுத் துணிகளை இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு துணி என்று மூன்று அடுக்குப் போர்வை. அதற்கு மேல்துணி தைக்கும்போது அதை யாரும் முழுசாகப் பார்ப்பதே இல்லை. ஒரு வரிசை மடியில், ஒரு வரிசை மெஷினில், மிச்சமெல்லாம் நாற்காலியில் மடிந்து கிடக்கும். கடைசி வரிசையையும் அடித்து, இஸ்திரி போட்டு, கட்டிலில் விரித்தால்தான் வண்டவாளம் தெரியும். பக்கவாட்டில் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும், கால்மாட்டில் தரையிலேயே படுத்திருக்கும். சரியாக அந்த நேரம் பார்த்து வீட்டில் யாராவது வந்து, "இது போர்வையா, பந்தலா?" என்பார்கள். பதில் சொல்லிக்கொண்டு நிற்காமல் டேப்பை எடுங்கள்.

முக்கால்வாசி கேஸில் குற்றவாளி பேட்டர்ன்தான். இணையத்தில் 'கிங் சைஸ்' என்று கிடைப்பவை பெரும்பாலும் அமெரிக்கக் கட்டிலுக்குக் கணக்குப் போட்டவை. அங்கே கிங் மெத்தை 76க்கு 80 இன்ச், மெத்தையும் தடிமன் ஜாஸ்தி. அதனால் போர்வையை 108க்கு 108 வரை இழுப்பார்கள். நம்மிடம் இருப்பது ஆறுக்கு ஆறரை கட்டில், அதாவது 72க்கு 78 இன்ச். 108 இன்ச் போர்வையை அதில் போட்டால் பக்கத்துக்கு 18 இன்ச் தொங்கும், கால்மாட்டில் 30 இன்ச் மிஞ்சும். விரித்த நாளிலிருந்து வீடு பெருக்கும் வேலை போர்வைக்கு.

பேட்டர்ன் சரியாக இருந்தும் வளர்ந்திருந்தால் மூன்று இடங்களைச் சந்தேகப்படலாம். முதலாவது பார்டர். அஞ்சு இன்ச் பார்டர் என்றால் அஞ்சு இன்ச் கூடும் என்று மனசு கணக்குப் போடும், கூடுவது பத்து. பார்டர் இரண்டு அடுக்கு வைத்தவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இரண்டாவது, பிளாக்குகளை (துண்டுகளைச் சேர்த்துத் தைத்த சதுரங்களை) நேராக அடுக்காமல் டைமன்ட் வாக்கில் திருப்பி வைப்பது. 12 இன்ச் பிளாக்குக்கு மூலைக்கு மூலை 17 இன்ச். ஆறு பிளாக் நேராக நின்றால் 72, திரும்பி நின்றால் 102. துணி அதேதானே என்று நம்பித் திருப்புகிறவர்கள்தான் இதில் விழுவது. மூன்றாவதுதான் விஷமம்: தையலுக்கு விடும் கால் இன்ச். அதில் அரை நூல் (ஒரு நூல் என்பது இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு) குறைந்தாலும், இரண்டு துண்டிலும் சேர்ந்து ஒவ்வொரு தையலுக்கும் ஒரு நூல் வளரும். ஒரு வரிசையில் ஒன்பது பிளாக், ஒவ்வொன்றிலும் மூன்று துண்டு என்றால் 26 தையல். 26 நூல், மூணேகால் இன்ச், சத்தமில்லாமல் ஏறியிருக்கும். மெஷின் பாதத்தின் ஓரம் கால் இன்ச்தான் என்று நம்பாதீர்கள். ஊசியிலிருந்து ஸ்கேல் வைத்து அளந்து, தட்டின்மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள்.

சரி, வளர்ந்தது வளர்ந்துவிட்டது. பஞ்சு வைப்பதற்கு முன்னால் கண்டுபிடித்திருந்தால் பிழைத்தீர்கள். இப்போது அது வெறும் துணி, பிரிக்கலாம். பஞ்சும் அடித்துணியும் சேர்ந்து மூன்று அடுக்கையும் தைத்துவிட்டால் அப்புறம் கத்தரிதான் ஒரே வழி.

நல்ல வழி வரிசையாகக் கழற்றுவது. 12 இன்ச் பிளாக் 9க்கு 9, மொத்தம் 81, அளவு 108 என்று வைத்துக்கொள்வோம். நாலு பக்கமும் ஒவ்வொரு வரிசையைக் கழற்றினால் 7க்கு 7, அளவு 84. நடுவில் இருக்கும் பிளாக் நடுவிலேயே நிற்கும். ஒரு பக்கம் மட்டும் கழற்றினால் டிசைன் கோணலாகிவிடும். 84ஐச் சுற்றி அஞ்சு இன்ச் பார்டர் வைத்தால் 94. நம் கட்டிலுக்குப் பக்கத்துக்கு 11 இன்ச் தொங்கும், லட்சணமாக இருக்கும். கழன்ற 32 பிளாக்கில் முப்பதை 5க்கு 6 அடுக்கினால் 60க்கு 72இல் குழந்தைக்கு ஒரு போர்வை. மீதி இரண்டும் குஷன் உறை.

பிரிக்கும்போது இழுத்துக் கிழிக்காதீர்கள். ஒரு பக்கம் மூன்று தையலுக்கு ஒன்றாக நூலை அறுத்துக்கொண்டே போய், மறுபக்க நூலை மெதுவாக உருவினால் முழுசாக வந்துவிடும். அவசரப்பட்டால் ஓரம் இழுபட்டு, அடுத்து வைக்கிற பார்டர் அலை அலையாக நிற்கும். பார்டருக்கு அளவும் ஓரத்தில் எடுக்கக் கூடாது. துணியின் நடுவில் மூன்று இடத்தில் அளந்து, சராசரி பார்த்து, அந்த நீளத்துக்கு முன்கூட்டியே வெட்டி வைத்துக்கொண்டு பொருத்த வேண்டும்.

பொறுமை இல்லாதவர்கள் நேரே கத்தரி போடுவார்கள். போடலாம், ஆனால் முக்கோண டிசைனாக இருந்தால் கூர்முனையெல்லாம் மொட்டையாகிவிடும். குறுக்கே வெட்டுப்பட்ட தையல்களும் ஒவ்வொன்றாக வாய் பிளக்கும். வெட்டியவுடன் ஓரத்திலிருந்து ஒரு நூல் உள்ளே தள்ளிச் சுற்றிவர ஒரு தையல் போட்டுவிடுங்கள்.

"இவ்வளவு உழைச்சிருக்கேன், ஒரு துண்டைக்கூடப் பிரிக்க மாட்டேன்" என்பவர்களுக்கு மேற்கொண்டு வரும் செலவைச் சொல்லிவிடுவது நல்லது. அடித்துணி பக்கத்துக்கு நாலு இன்ச் கூடுதலாக, 116 இன்ச் வேண்டும். 44 இன்ச் பன்னாவில், அதாவது துணி அகலத்தில், மூன்று அகலம் சேர்க்கக் கிட்டத்தட்ட ஒன்பது மீட்டர். சேர்ப்பதற்கு முன் இரண்டு ஓரத்துக் கரையையும் வெட்டி எறிய வேண்டும். அது துணியோடு ஒரே மாதிரி சுருங்காது. 94 இன்ச் போர்வை என்றால் இந்தக் கூத்தே இல்லை. கடையில் கிடைக்கும் 108க்கு 108 காட்டன் பெட்ஷீட் ஒன்றைத் துவைத்துச் சுருக்கி அடியில் போட்டால் முடிந்தது.

அடுத்தது ஊக்கு. மூன்று அடுக்கும் நகராமல் இருக்க நாலு இன்ச்சுக்கு ஒன்று குத்த வேண்டும். 108க்கு 27 தடவை 27, மொத்தம் 729. ஃபேன்சி ஸ்டோரில் அறுபத்தோரு டஜன் கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் முகத்தைப் பார்க்கவே போகலாம். மாற்றாகப் பெரிய பெரிய ஓட்டுத் தையல் போடலாம், நடுவில் ஆரம்பித்து ஓரத்துக்கு. இரண்டுக்கும் ஃபேனை நிறுத்தியே ஆக வேண்டும்.

அப்புறம் மெஷின். வீட்டு மெஷினில் ஊசிக்கும் தூணுக்கும் நடுவே ஆறேழு இன்ச்தான் இடம். போர்வையின் பாதி, 54 இன்ச், பஞ்சோடு சுருட்டி அந்தச் சந்துக்குள் போக வேண்டும். போகாது. பஞ்சை மூன்றாக வெட்டி, நடுப்பாகத்தை மட்டும் முதலில் வைத்துத் தையுங்கள். பஞ்சின் ஓரத்துக்கு நாலைந்து இன்ச் முன்பே நிறுத்திவிட்டு, பக்கத்துப் பஞ்சை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒட்டி வைத்து, கையால் குறுக்கு மறுக்காகத் தைத்துச் சேர்த்து, அந்தப் பக்கத்தைத் தொடருங்கள். மெஷினுக்கு இடது பக்கமும் பின்னாலும் ஒரு மேஜை போடுவது கட்டாயம். போர்வை கீழே தொங்கி இழுத்தால் தையல் பொடிசு பொடிசாக விழும், ஊசியும் முறியும்.

இந்தக் கணக்கு வழக்கே இல்லாதவர்கள் வட கர்நாடகத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியைச் சேர்ந்த சித்தி சமூகத்துப் பெண்கள். அவர்கள் தைக்கும் கவாண்டி போர்வையில் முதலில் அடியில் பழைய புடவையை விரித்துவிடுவார்கள். ஓரத்தில் ஆரம்பித்து, துண்டுகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டுத் தையலில் வைத்து, நடுவில் முடிப்பார்கள். வெளியளவு முதல் நாளே முடிவாகிவிடுவதால் வளர இடமே இல்லை.

பிரிக்காமல் 108ஐயே முடித்துவிட்டவர்களுக்கு இன்னும் ஒன்று: காய்ந்த நிலையிலேயே மூன்று கிலோவை நெருங்கும். நனைந்தால் ஒரு ஆள் தூக்கிச் சமாளிப்பது கஷ்டம். மாடிக்குத் துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போய், இரண்டு கொடிக்கயிற்றின் மேல் பரப்பிப் போடுங்கள். ஒற்றைக் கயிற்றில் போட்டால் கயிறு அறும், அறாவிட்டால் தையல் இழுபடும்.