ஆய்வுக்கு மார்க் போடுவதையே ஆராய்வது: குமரி மாவட்டத்திலிருந்து போஸ்ட்டாக் தொடங்குவோருக்கு

பிஎச்டி முடித்துவிட்டு போஸ்ட்டாக், அதாவது அதற்குப் பிந்தைய ஆய்வுப் பணி, தேடுவோருக்கு நம் பக்கத்தில் வழக்கமாகக் கிடைக்கும் யோசனை, அதே லேபில் அதே தலைப்பை இன்னும் இரண்டு வருடம் நீட்டுவது. அதிகம் பேசப்படாத இன்னொரு துறை இருக்கிறது. ஒரு ஆய்வு நல்லது, இன்னொன்று சுமார் என்று யார் முடிவு செய்கிறார்கள், எதை வைத்து, அந்த முடிவை எவ்வளவு நம்பலாம் என்பதையே ஆராய்வது. இதற்கு லேப் தேவையில்லை. ஒரு கணினி, புள்ளியியலில் பிடிப்பு, கல்லூரி அலுவலகங்களுக்குத் திரும்பத் திரும்ப நடக்கும் பொறுமை இருந்தால் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ உட்கார்ந்தே செய்யலாம்.

கைக்கு மிக அருகில் இருக்கும் பொருள், கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களின் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்குமான யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறையில் வரும் ஆராய்ச்சி மதிப்பெண் அட்டவணை. அறிவியல் கட்டுரைக்கு 8, கலைப் பாடக் கட்டுரைக்கு 10. அதற்கு மேல் இதழின் இம்பேக்ட் ஃபேக்டரை, அதாவது அதன் கட்டுரைகளை மற்றக் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டின என்ற எண்ணை, பார்த்துக் கூடுதல்: அது இல்லாத இதழுக்கு 5, ஒன்றுக்குக் கீழ் என்றால் 10, ஒன்று முதல் இரண்டு வரை 15, இரண்டு முதல் ஐந்து வரை 20, ஐந்து முதல் பத்து வரை 25, அதற்கு மேல் 30. இரண்டு பேர் எழுதினால் ஆளுக்கு 70 சதவீதம். அதற்கு மேற்பட்டவர்கள் என்றால் முதன்மை ஆசிரியருக்கு 70, மற்ற ஒவ்வொருவருக்கும் 30.

இதைத் தாளில் போட்டுப் பாருங்கள். இம்பேக்ட் ஃபேக்டர் 2.1 உள்ள இதழில் ஒருவர் தனியாக ஒரு அறிவியல் கட்டுரை எழுதினால் 28 மதிப்பெண். அதே கட்டுரையில் ஐந்து பேர் இருந்தால் முதன்மை ஆசிரியருக்கு 19.6, மற்ற நால்வருக்கும் 8.4 வீதம், ஆக மொத்தம் 53.2. கட்டுரை ஒன்றுதான், உழைப்பும் ஒன்றுதான், பெயர்கள் கூடக் கூட மொத்த மதிப்பெண் பெருகுகிறது. இன்னொரு பக்கம், இதழின் எண் 1.9 ஆக இருந்திருந்தால் தனி ஆசிரியருக்கு 23தான். 0.2 வித்தியாசத்தில் ஐந்து மதிப்பெண் போய்விடும். அந்த 0.2க்கும் கட்டுரையின் தரத்துக்கும் சம்பந்தமில்லை. இம்பேக்ட் ஃபேக்டர் என்பது முந்தைய இரண்டு ஆண்டுகளில் அந்த இதழில் வந்த கட்டுரைகளுக்கு இந்த ஆண்டில் கிடைத்த மேற்கோள்களின் சராசரி. ஒருசில கட்டுரைகள் பெரும்பங்கு மேற்கோளை அள்ளிக்கொள்ளும் இடத்தில் சராசரி எதையும் சொல்லாது. தலையங்கங்களுக்கு வரும் மேற்கோள்கள் மொத்த மேற்கோள் தொகையில் கூட்டப்படும், ஆனால் வகுக்கும் எண்ணிக்கையில் தலையங்கம் சேராது. அமெரிக்கத் தகவல் அறிவியலாளர் யூஜின் கார்ஃபீல்டு இம்பேக்ட் ஃபேக்டரைக் கொண்டுவந்தது இதழ்களைத் தேர்ந்தெடுக்க, ஆட்களைத் தேர்ந்தெடுக்க அல்ல. "ஸ்கோபஸ்தானா சாரே?" (ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தில் சேர்ந்த இதழா) என்ற ஒரே கேள்வியோடு கட்டுரையைப் பற்றிய பேச்சு முடிந்துவிடுவதை இந்தத் துறைக்கு வருகிறவர் சும்மா கடந்து போகக் கூடாது.

இதிலிருந்து ஆய்வுக் கேள்வி பிறக்கிறது: இந்த அட்டவணைக்குப் பிறகு கட்டுரைக்கு ஆசிரியர் எண்ணிக்கை கூடியதா? கூடியிருக்கும், ஆனால் உலகம் முழுக்கவே அது பல பத்தாண்டுகளாகக் கூடிக்கொண்டுதான் வருகிறது. அதனால் 2018க்கு முன், பின் என்று மட்டும் பார்த்தால் தவறான விடைதான் கிடைக்கும். இந்த அட்டவணைக்குக் கட்டுப்படாத ஆராய்ச்சி நிறுவனங்களை, உதாரணமாக மத்திய அரசின் சிஎஸ்ஐஆர் (அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வகங்களை, ஒப்பீட்டுக் குழுவாக வைத்து, அதே பாடத்தில் இரு பக்கமும் எவ்வளவு கூடியது என்ற வித்தியாசத்தைத்தான் பார்க்க வேண்டும். யுஜிசி ஏற்ற இதழ்களின் பட்டியலான யுஜிசி-கேர் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டதும் இப்படி ஆராயத்தக்க ஒரு மாற்றமே. அதில் ஒரு கண்ணி: 2025இல் வெளிவந்த கட்டுரைகளில் பல அதற்கு முன்பே அனுப்பப்பட்டவை. வெளியான தேதியை விட்டுவிட்டு, இதழ் கொடுத்திருந்தால் பெறப்பட்ட தேதியை எடுங்கள்.

தரவுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். 2022இல் தொடங்கிய, உலகெங்கும் வரும் ஆய்வுக் கட்டுரைகளின் தரவுத்தளமான ஓப்பன்அலெக்ஸ் இலவசம். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைத் தொகுக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளத்தை, கட்டுரைகளுக்கு டிஓஐ அடையாள எண் பதியும் கிராஸ்ரெஃப் அமைப்பு 2023 முதல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. கஷ்டம் அதைச் சுத்தம் செய்வதில்தான். முதல் ஆறு மாதம் அதற்கே போகும் என்று இப்போதே கணக்கில் வையுங்கள்.

குமரி மாவட்டக் கட்டுரைகளைத் திரட்டும்போது முதலில் மாட்டுவது முகவரி. இங்குள்ள பல கல்லூரிகள் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. ஆய்வு மாணவர்கள் கல்லூரிப் பெயரை எழுதி, அதன் பின்னால் பல்கலைக்கழகத்தின் பெயரையும் அபிஷேகப்பட்டி, திருநெல்வேலி 627012 என்ற முகவரியையும் சேர்ப்பது வழக்கம். தரவுத்தளம் பல்கலைக்கழகத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் நாகர்கோவில் கல்லூரியின் உழைப்பு முழுவதும் திருநெல்வேலிக் கணக்கில் ஏறிவிடும். அதனால் நிறுவன அடையாள எண்ணை மட்டும் நம்பாமல், மூல முகவரி வரியை அப்படியே இறக்கி அதில் தேடுங்கள். நம் மாவட்டத்து பின்கோடுகள் 629இல் தொடங்கும். அடுத்த மூன்று இலக்கத்துக்கு முன் இடைவெளி விட்டும் விடாமலும் எழுதுவார்கள், இரண்டையும் பிடியுங்கள். மாவட்டப் பெயரை ஆங்கிலத்தில் ஒரு 'என்' போட்டும் இரண்டு 'என்' போட்டும் எழுதுகிறார்கள், நாகர்கோவிலுக்கும் பல எழுத்துக்கூட்டு உண்டு. கடைசியில் 200 கட்டுரைகளைக் குலுக்கலில் எடுத்துக் கண்ணால் சரிபாருங்கள். தவறாக உள்ளே வந்தவை எத்தனை என்பது அதில் தெரியும். விடுபட்டவற்றை அறிய, ஏதாவது ஒரு கல்லூரியின் ஆண்டறிக்கையில் உள்ள பட்டியலோடு ஒப்பிடுங்கள். இரண்டு எண்களையும் கட்டுரையில் எழுதுங்கள்.

அடுத்தது பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஒரே 'எஸ். ராஜன்' என்ற பெயரில் நான்கு பேரின் கட்டுரைகள் ஒன்றாகிவிடும். ஒரே ஆள், இனிஷியல் முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை, பாஸ்போர்ட்டில் விரித்து எழுதியபடி ஒருமுறை என்று மூன்றாக உடைவார். திருமணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறும் பெண்களின் பழைய கட்டுரைகள் வேறு யாருடையதோ ஆகிவிடும். இந்த நிலையில் தனி ஆளின் எச்-இண்டெக்ஸை (குறைந்தது எச் மேற்கோள் பெற்ற கட்டுரைகள் எச் எண்ணிக்கையில் இருக்கும் அளவு) கணக்கிட்டு வரிசைப்படுத்துவது அநியாயம். ஆய்வாளருக்கான தனி அடையாள எண்ணான ஆர்க்கிட் இருந்து, அவர்களே சரிபார்த்தால் ஒழிய ஆள்வாரியாக எதையும் எண்ணாதீர்கள். கட்டுரைவாரியாகவே நில்லுங்கள்.

ஆட்கள் போடும் மதிப்பெண்ணை ஆராய்வதுதான் இத்துறையின் உயிர். கல்லூரிகள் தரும் சீட் மணி (ஆய்வைத் தொடங்கத் தரும் சிறு நிதி), மாணவர் திட்டத் தேர்வு போன்றவற்றில் ஒரே விண்ணப்பத்தை இரண்டு ரிவ்யூவர்கள் பார்த்திருப்பார்கள். ஒரு கணக்கு: 100 விண்ணப்பம், இருவரும் ஆளுக்கு 20ஐத் தேர்வு செய்கிறார்கள். 8 விண்ணப்பம் இருவர் பட்டியலிலும் உண்டு, 68 இருவராலும் ஒதுக்கப்பட்டவை. ஆக 76 சதவீதம் ஒத்துப்போகிறார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இருவரும் கண்ணை மூடிக்கொண்டு 20ஐ எடுத்திருந்தாலே சராசரியாக 68 சதவீதம் ஒத்துப்போயிருக்கும். தற்செயலைக் கழித்து ஒற்றுமையை அளக்கும் கோஹன் கப்பா எண் (முழு ஒற்றுமைக்கு 1, வெறும் தற்செயலுக்கு 0) 0.25தான். 2014இல் இயந்திரக் கற்றல் துறையின் நிப்ஸ் மாநாடு தனக்கு வந்த கட்டுரைகளில் பத்தில் ஒரு பங்கை, அதாவது 166ஐ, இரண்டு தனித்தனிக் குழுக்களிடம் கொடுத்துப் பார்த்தது. ஒரு குழு ஏற்றவற்றில் பாதிக்கு மேற்பட்டதை மற்றக் குழு நிராகரித்தது.

இந்தத் தரவைக் கேட்கப் போகும்போது இரண்டு விஷயத்தில் விடாப்பிடியாக இருங்கள். நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களின் மதிப்பெண்ணும் வேண்டும். அலுவலகத்தில் பெரும்பாலும் தேர்வானவற்றின் ஃபைல்தான் மிஞ்சியிருக்கும். அவற்றை மட்டும் வைத்துப் போட்டால் மதிப்பெண்ணின் வீச்சு சுருங்கி, ரிவ்யூவர்களின் ஒற்றுமை உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும். இரண்டாவது, பெயர்களை நீக்கி எண் போடும் வேலையைக் கல்லூரி அலுவலகமே செய்து தரட்டும். பெயர் உங்கள் கண்ணில் படக் கூடாது. நம் மாவட்டம் சிறியது. துறையும் வருடமும் தெரிந்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும், ஆகவே ஐந்துக்குக் குறைவான ஆட்கள் உள்ள எந்தக் கட்டத்தையும் அட்டவணையில் காட்டாதீர்கள். நெறிமுறைக் குழு அனுமதி கையில் வராமல் ஒரு ஃபைலையும் வாங்காதீர்கள்.

மேற்கோள் எண்ணிக்கையில் சிக்காத ஆய்வுகளும் இங்கே நிறைய. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டி வாழை, மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மோனசைட் (தோரியம் உள்ள கனிமம்) மணல், 2022இல் ராம்சர் தளமான (சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலமாக அறிவிக்கப்பட்ட) சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகள். இவற்றைப் பற்றிய வேலை தமிழ் அறிக்கையாகவோ உள்ளூர் இதழிலோ வரும், மேலே சொன்ன அட்டவணையில் அதற்குக் கிடைப்பது சொற்பம். ஆய்வை எண்களால் மதிப்பிடுவது எப்படி இருக்க வேண்டும் என்று 2015இல் வந்த லைடன் அறிக்கையின் பத்துக் கொள்கைகளில் மூன்றாவது இத்தகைய வட்டார ஆய்வைக் காக்கச் சொல்கிறது. எப்படி அளப்பது? நீர்நிலை மேலாண்மைத் திட்டம், புவிசார் குறியீட்டு விண்ணப்பம், தோட்டக்கலைப் பரிந்துரை போன்ற ஆவணங்களை எடுத்து, எந்த ஆய்வு எந்தப் பத்தியில் பயன்பட்டது என்று இருவர் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். மெதுவான வேலைதான், ஆனால் இதைத் தவிர்த்தால் நம் ஊர் ஆய்வின் பயன் எங்கும் பதிவாகாது.

முடிவு வந்ததும் இதழுக்கு அனுப்பும் முன் தரவு தந்த கல்லூரிக் குழுவிடம் கொண்டுபோங்கள். கப்பாவை விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். மூன்றாவது ரிவ்யூவர் ஒருவர் இருந்திருந்தால் தங்கள் தேர்வுப் பட்டியலில் எத்தனை பெயர் மாறியிருக்கும் என்ற மதிப்பீட்டை ஒரே பக்கத்தில் காட்டுங்கள். அடுத்த வருடத் தேர்வுக்கு எத்தனை பேரை அழைப்பது என்று அவர்களே அதைப் பார்த்து முடிவு செய்யலாம்.