பாவடியில் நாடகம்: ஒத்திகைக் குறிப்புகள்

பிப்ரவரி 3

எங்கள் கல்லூரி நாடகத்துக்கு இன்னும் பிரதி என்று ஒன்று கையில் இல்லை. பதினாறு பேரும் அவரவர் வீட்டில் கேட்டுவந்ததை நடித்துப் பார்க்கிறோம். தேறுவது நிற்கும், மற்றது போகும். பொருள் கைத்தறி. எங்களில் ஒன்பது பேருக்குத் தாத்தாவோ பாட்டியோ தறிக்காரர்.

இன்று தேறியது ஒன்றே ஒன்று. ஒருத்தி வீட்டில் தறிக்குழியை, நெய்பவர் கால் விட்டு மிதிக்கிற பள்ளத்தை, கடப்பைக் கல் போட்டு மூடி, அதன்மேல் டிவி வைத்திருக்கிறார்கள். சத்தத்தைக் கூட்டினால் கல் அதிருமாம். சிரிக்க வைக்கத்தான் சொன்னாள், யாரும் சிரிக்கவில்லை.

மேடம் கல்லூரிக் கலையரங்கைக் கேட்டு வைத்திருக்கிறார். குழித்தறியை மேடையில் எப்படி வைப்பது? பலகையைத் தோண்ட முடியாது. சென்னிமலைப் பக்கம் அப்புச்சி (அம்மாவின் அப்பா) ஊரில் பாவடி என்கிற திறந்தவெளி சும்மாதானே கிடக்கிறது என்றேன். வாய் விட்டதற்குக் கூலி, ஏற்பாடெல்லாம் இனி என் தலையில்.

பிப்ரவரி 6

பாவடியைக் காலால் எட்டு வைத்து அளந்தோம். நீளம் அறுபத்திரண்டு எட்டு, அகலம் பதினொன்று. தெரியாதவர்களுக்கு: தறியில் ஏற்றும் முன், துணியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூலை நீட்டிக் கட்டி, கஞ்சி போட்டு, சீவி உலர்த்துகிற திறந்தவெளி அது. பாவு இப்போது கஞ்சி போட்டே வந்துவிடுகிறது. பாவடியில் பகலில் வண்டி நிற்கும், சாயங்காலம் கிரிக்கெட். ஸ்டம்ப் வைப்பதே பாவு கட்ட நட்ட கல்லைத்தான். நாடகத்தன்று மட்டும் விட்டுத்தரச் சொல்லிப் பையன்களிடம் பேசினேன். இரண்டு டென்னிஸ் பந்தில் முடிந்தது.

பிப்ரவரி 9

தறி கிடையாது என்று முடிவு. ஆறு பேர் நூலைப் பிடித்து நிற்பார்கள், ஒருத்தி தரையில் உட்கார்ந்து நெய்வாள். அப்புச்சி திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவர் எழுந்து வந்தார்.

"ஏங்கண்ணு, நாடா இந்தண்ட வந்து சேரவே இல்ல, அதுக்குள்ள பலகைய அடிக்கறயே? நூலு முச்சூடும் அறுந்துபோகுமில்ல?"

அப்புறம் அரை மணி நேரம் பாடம். மிதியை மிதித்தால் பாவு மேலும் கீழுமாகப் பிரியும். வலது கை கயிற்றைச் சுண்டினால் நாடா, அதாவது நூல் சுமக்கும் கட்டை, அந்தப் பிளவுக்குள் ஓடிக் குறுக்கு நூலான ஊடையைப் போட்டுவிட்டுப் போகும். அது போய்ச் சேர்ந்த பிறகுதான் இடது கை, ஊடையை நெருக்குகிற பலகையை இழுத்து அடிக்க வேண்டும். மிதி, சுண்டு, அடி. அப்புச்சி சொன்னபோது கை தானாக ஆடியது. தறியை விட்டுப் பல வருஷமாகிறது, தோள்பட்டை மறக்கவில்லை.

அந்தத் தாளத்தைப் பதினாறு பேரும் காலால் தட்டிப் பார்த்தோம். பின்னணி இசைக்கு வைத்திருந்த கீபோர்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பிப்ரவரி 11

தைப்பூசம். பாதிப் பேர் மலைக்குப் போய்விட்டார்கள். ஒத்திகை இல்லை.

பிப்ரவரி 15

சட்டக் காட்சி எட்டு நிமிஷம் ஓடியது. வகுப்பில் உட்கார்ந்த மாதிரியே இருந்தது. 1985ல் வந்த சட்டம் சில துணி வகைகளைக் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கியது. முதலில் 22 வகை, பிறகு அது 11 ஆனது. ஒதுக்கிய போர்வையையே விசைத்தறியில் ஓட்டிக் கைத்தறி என்று விற்பதும் நடக்கிறது. இதை எப்படிச் சொல்வது?

காங்கேயத்துப் பையன் எழுந்து பஸ் கண்டக்டர் ஆனான். "சேலை, வேட்டி, துண்டு எல்லாம் உள்ள ஏறுங்கோ! பேரில்லாததெல்லாம் எறங்கு, எறங்கு!" இறங்கியவர்கள் அப்படியே போய் விசைத்தறியாக நின்று இரைந்தார்கள். ஒன்றரை நிமிஷம். வேறெதுவும் தேவைப்படவில்லை.

கொடிகாத்த குமரனைச் சேர்க்கலாமா என்று சண்டை. 1904ல் சென்னிமலையில் பிறந்தவர், தறியும் நெய்தவர், நியாயம்தான். ஆனால் கொடியைப் பிடித்து விழுவதைப் பள்ளி ஆண்டு விழாக்களில் நிறையவே பார்த்தாயிற்று. கண்டக்டர் "சென்னிமலை! குமரன் ஊரு எறங்கு!" என்பான். அதோடு சரி.

பிப்ரவரி 19

நாற்காலிதான் பெரிய தலைவலி. ஒரு கோடியில் போட்டால் மறுகோடி தெரியாது. இரண்டு பக்கமும் வரிசையாகப் போட்டால், நடுவில் இருப்பவருக்கு இருபது எட்டுக்கு அப்பால் பேசுவது கேட்காது. மைக் வேண்டாம் என்று மேடம் பிடிவாதம். தாளில் நான்கு விதமாக வரைந்து நான்கையும் கிழித்தேன்.

அப்புச்சியிடம் காட்டினேன். "பாவடில ஆரு சாமி உக்காந்தா? பாவு காயறதுக்குள்ள சீவோணும். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துக்கிட்டே இருப்பம்."

பார்க்க வருகிறவர்களும் நடக்கட்டும் என்று தோன்றியது. காட்சி கிழக்குக் கோடியில் தொடங்கி மேற்கே நகரும், கூட்டம் இரண்டு பக்கமும் கூடவே வரும். மேடம் யோசித்துவிட்டு, "முழங்கால் வலிக்காரங்களுக்கு?" என்றார். கோடிக்குப் பத்து நாற்காலி. சவுண்ட் சர்வீஸ்காரர் வாடகையோடு முன்பணமும் கேட்கிறார்.

பிப்ரவரி 22

நேற்று இரவு முழு ஒத்திகை. நான்கு ஹாலஜனில் ஒன்று எரியவில்லை. கழிவு நூல் இரண்டு இடத்தில் சிக்கி, பிரித்தெடுக்கப் பதினைந்து நிமிஷம். கூட்டமாக நடக்க ஆள் வேண்டுமே என்று தெருவில் இருந்தவர்களைக் கூப்பிட்டோம். கிரிக்கெட் பையன்களும் வந்தார்கள். பேசாமல் நடப்பார்கள் என்று நான் நினைக்கவே இல்லை.

அப்புச்சிக்கு மேற்குக் கோடியில் முதல் நாற்காலி போட்டிருந்தேன். அவர் அதில் துண்டைப் போட்டுவிட்டுக் கிழக்கே போய் நின்றுகொண்டார்.

இன்று சாயங்காலம் ஆறரைக்கு. பையன்களுக்குப் பந்து இன்னும் வாங்கவில்லை.