சூடு ஏறாது, ஆனால் செல் சாகும்

உடல் முழுக்க 4 கிரே (கதிர்வீச்சின் அளவைச் சொல்லும் அலகு) கதிர்வீச்சு பட்டு, சிகிச்சையும் கிடைக்காவிட்டால் ஏறக்குறைய பாதிப் பேர் பிழைக்க மாட்டார்கள். அந்த 4 கிரே உடலை எவ்வளவு சூடாக்கும்? ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு கிரே என்றால் கிலோவுக்கு ஒரு ஜூல், அவ்வளவுதான். ஆக, வெந்து சாவது இல்லை; அடி விழுவது டி.என்.ஏ.வில்.

ஒரு கிரே எக்ஸ் கதிர் பட்டால் ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளில் ஒன்று மட்டும் அறும் ஒற்றை இழை முறிவு சுமார் 1000, இரண்டுமே அறும் இரட்டை இழை முறிவு சுமார் 40. ஆயிரத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எதிர் இழை முழுசாக இருப்பதால் அதைப் பார்த்துச் சரிசெய்துவிடலாம். அந்த 40தான் வில்லங்கம். அறுந்த முனைகளை அவசரமாக ஒட்டும்போது நடுவில் சில டி.என்.ஏ. எழுத்துகள் தொலையும். சில சமயம் வேறொரு குரோமோசோமின் முனையோடு ஒட்டிக்கொள்ளும்.

முறிவு விழுந்தால் செல் எப்படிச் சுதாரிக்கிறது? பி53 என்ற காவல் புரதம் சாதாரணமாகவே உற்பத்தியாகிக்கொண்டிருக்கும். எம்டிஎம்2 என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்து அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். வீண் வேலை போலத் தோன்றும். ஆனால் ஆபத்து வந்தால் புதிதாகத் தயாரிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை, அழிப்பதை நிறுத்தினாலே போதும். முறிவு தெரிந்ததும் ஏடிஎம் என்ற நொதி பி53 மேல் பாஸ்பேட்டை ஒட்டும், எம்டிஎம்2 பிடி நழுவும், பி53 குவியும். அது பி21 என்ற புரதத்தின் மூலம் செல் பிரிதலை நிறுத்திப் பழுதுபார்க்க அவகாசம் தரும். பழுது தீராவிட்டால் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோகுரோம் சி என்ற புரதம் கசியும். அதனால் காஸ்பேஸ்கள் என்ற புரதம் வெட்டும் நொதிகள் கிளம்பி, செல்லை உள்ளிருந்தே வெட்டிப்போடும்.

வேகமாகப் பிரியும் செல்தான் முதலில் சாகும் என்று 1906இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் பெர்கோனியேவும் டிரிபோண்டோவும் சொன்னது எலி விரைகளைப் பார்த்துத்தான். (பிரியாமல் சும்மா இருக்கும் லிம்போசைட் என்ற வெள்ளையணுவும் சட்டென்று சாகும், அது விதிவிலக்கு.) விந்தணுவின் தாய்ச் செல்கள் 0.15 கிரேயிலேயே குறையத் தொடங்கும். முதிர்ந்த விந்தணுவோ தாக்குப்பிடிக்கும். ஒரு விந்தணு உருவாகச் சுமார் 74 நாள் ஆவதால், அடுத்த வாரமே எண்ணிக்கை பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். அதை நம்பக் கூடாது. முதிர்ந்த விந்தணுவுக்குத் தன் டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் திறனும் கிடையாது. முறிவோடு நீந்தும், கருமுட்டையையும் அடையும். விந்தை உறையவைத்துச் சேமிப்பதைக் கதிர் சிகிச்சையின் முதல் தவணைக்கு முன்பே முடிக்கச் சொல்வது இதனால்தான்.