அபார்ட்மெண்ட் கதவுக்கு ஆக்ஸஸ் கார்டு ரெஜிஸ்டர் பண்ணின அனுபவம்

சோழிங்கநல்லூர்ல எங்க அபார்ட்மெண்ட் லாபி கதவுக்கு கார்டு ரீடர் போட்டாங்க, குடியிருக்கறவங்க, வீட்டு வேலைக்கு வர்ற அக்காங்க, டிரைவருங்க எல்லாருக்கும் கார்டு ரெஜிஸ்டர் பண்ற பொறுப்பை அசோசியேஷன்ல என்கிட்ட குடுத்தாங்க. இதே வேலை உங்க தலைல விழுந்தா உதவுமேன்னு எழுதறேன்.

ரீடர் மாட்ட வந்தவரு ஒரு டப்பா வெள்ளை கார்டும் எக்செல் ஷீட்டும் குடுத்து, கார்டு மேல இருக்கற பத்து இலக்க நம்பரை பேருக்கு நேரா அடிச்சு சாஃப்ட்வேர்ல ஏத்திடுங்க, அவ்ளோதான்னுட்டு கிளம்பிட்டாரு. அப்படியே ஏத்தினோம். மறுநாள் காலைல கார்டை காட்டினா பீப் சத்தம் வருது, லைட் மட்டும் சிவப்பாவே நிக்குது, கதவு திறக்கல. வேலைக்கு வந்த அக்காங்க எல்லாம் வாசல்லயே நிக்கறாங்க, இங்க லேட்டானா அடுத்த வீட்ல அவங்களுக்குத்தானே பேச்சு விழும், எனக்கு மனசே கேக்கல, செக்யூரிட்டி அண்ணாகிட்ட சொல்லி கதவை திறந்தே வைக்க சொல்லிட்டு சாஃப்ட்வேர் முன்னாடி உக்காந்தேன்.

வழி கிடைச்சது ஈவென்ட் லாக்ல, அதாவது கார்டு காட்டினதெல்லாம் பதிவாகற பட்டியல்ல. பதியாத கார்டை காட்டினாலும் அதுல ஒரு வரி விழுது, ரீடர் நிஜமா அனுப்பின நம்பர் அங்க தெரியும். கார்டு மேல பார்த்தீங்கன்னா ரெண்டு நம்பர் இருக்கும், உதாரணத்துக்கு 0012345678, பக்கத்துலயே 188,24910. எங்க சிஸ்டத்துக்கு வேண்டியது ரெண்டாவது, அதுவும் கமா இல்லாம ஒட்டி, 18824910. ரெண்டும் ஒரே நம்பர்தான், 188ஐ 65536ஆல பெருக்கி 24910ஐ கூட்டினா 12345678 வந்துடும். ரீடர் கார்டு நம்பரை 26 பிட்டா அனுப்பற வீகண்ட் 26ங்கற முறைல கமாவுக்கு முன்பாதிக்கு 8 பிட், பின்பாதிக்கு 16 பிட், மிச்சம் 2 பிட் சரிபார்க்க, அதனாலதான் இந்த கணக்கு. முன்பாதி 3 இலக்கம், பின்பாதி 5 இலக்கம், குறைஞ்சா முன்னாடி சைபர் போட்டு நிரப்பணும், எக்செல் அந்த சைபரை தின்னுடும், அதனால முதல்லயே நம்பர் அடிக்கற நெடுக்கு வரிசையை டெக்ஸ்ட்டா மாத்திடுங்க.

கையால அடிக்கவே வேணாம்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. யூஎஸ்பி ரீடர்னு சின்னதா ஒண்ணு கிடைக்குது, கம்ப்யூட்டர் அதை கீபோர்டாவே எடுத்துக்கும், எக்செல் கட்டத்துல கர்சரை வச்சு கார்டை காட்டினா நம்பர் தானா விழுந்து அடுத்த வரிக்கு போயிடும். எந்த வடிவத்துல நம்பரை குடுக்குதுன்னு மட்டும் வாங்கும்போதே கேட்டுக்கோங்க, நம்ம வேலைக்கு 3+5 வடிவம் இருக்கணும்.

என் ஆபீஸ் ஐடி கார்டையே பதிஞ்சு குடுங்களேன்னு நிறைய பேர் கேட்டாங்க, நியாயமான ஆசைதான், ஆனா எங்க ரீடர் வேலை செய்யற அலைவரிசை 125 கிலோஹெர்ட்ஸ், அவங்க கொண்டு வந்த கார்டு 13.56 மெகாஹெர்ட்ஸ், பக்கத்துல வச்சாலும் பீப் கூட வராது. புதுசா போடறவங்க ரெண்டையும் படிக்கற ரீடரா கேட்டு வாங்கறது நல்லது. அதோட 125ல வர்ற சாதா கார்டை சுலபமா காப்பி எடுத்துடலாம், அதையும் கமிட்டில கண்டிப்பா சொல்லுங்க.

மொத்தமா ஏத்தறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கார்டை பதிஞ்சு கதவு திறக்குதான்னு பாத்துட்டு மிச்சத்தை ஏத்துங்க. கார்டு தொலைஞ்சாலோ வீட்டை காலி பண்ணினாலோ அன்னைக்கே அந்த நம்பரை எடுத்துடணும், சாஃப்ட்வேர்ல மட்டும் அழிச்சா போதாது, கதவை திறக்கற கன்ட்ரோலர் பெட்டிக்கும் சிங்க் குடுத்து அந்த மாற்றத்தை அனுப்பணும், இல்லன்னா பழைய கார்டுக்கு கதவு திறந்துக்கிட்டேதான் இருக்கும்.